இரண்டு முனை மட்டும் உன் கையில்

அன்புள்ள கவிதாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. உனக்கு நெஞ்சு கரிப்பும் புளித்த ஏப்பமும் நிற்கவே இல்லை என்றும், கேஸ் மாத்திரையை நீயே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிறாய் என்றும் உன் அம்மா சொன்னாள். போனில் சொன்னால் "சரி பெரியம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வாயில் தொடங்கி ஆசனவாய் வரை ஒரே குழாய்தான். அதில் சிறுகுடல் மட்டுமே சுமார் 6 மீட்டர். அத்தனை நீளத்தில் உன் சொல்லைக் கேட்பவை இரண்டே இடங்கள். தொடக்கத்தில் மெல்லுவதும் விழுங்குவதும். முடிவில் மலம் கழிப்பது. நடுவில் நடக்கும் எதுவும் உன்னைக் கேட்டு நடப்பதில்லை. உணவுக்குழாய் தானே சுருங்கிச் சுருங்கிக் கவளத்தை இறக்கிவிடும். இரைப்பை அமிலம் சேர்த்துப் பிசையும். பித்தநீரும் கணைய நீரும் சிறுகுடலில் வந்து கலக்கும். சத்து அங்கேதான் ரத்தத்தில் ஏறும். இவை எல்லாம் உனக்கு ஒழுங்காகவே நடக்கின்றன என்று நம்புகிறேன். நீ கெடுத்து வைத்திருப்பது இரு முனைகளையும்தான்.

இந்த வழி நெடுகிலும் பல் இருக்கும் இடம் வாய் ஒன்றுதான். அங்கே அரைபடாததை அரைக்கும் வேலையும் இரைப்பையின் தலையில் விழும். செல்போனைப் பார்த்தபடி ஐந்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்கிறாயாமே. சோற்றோடு காற்றையும் சேர்த்து விழுங்குகிறாய். ஏப்பமாக வருவது பெரும்பாலும் அந்தக் காற்றுதான். வயிறு நிறைந்த சேதி மூளைக்கு எட்ட ஏறக்குறைய 20 நிமிடம் பிடிக்கும். அதற்குள் வேண்டியதற்கு மேல் உள்ளே போயிருக்கும்.

நர்சிங் படித்த நாளில் கேட்ட ஒரு வரலாறு இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. 1822-இல் அமெரிக்காவின் மாக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞன் வயிற்றில் துப்பாக்கி வெடித்துச் சாகக் கிடந்தான். பிழைத்துக்கொண்டான், ஆனால் இரைப்பையில் விழுந்த துளை மூடவே இல்லை. வைத்தியம் பார்த்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோஸ் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியே உள்ளே விட்டார். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தபோது ரொட்டியும் முட்டைக்கோஸும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது. அவன் கோபத்தில் இருந்தால் செரிமானம் கெடுவதையும் குறித்து வைத்தார். 1833-இல் அது புத்தகமாக வந்தது. அந்த ஏழைப் பையனை ஆண்டுக்கணக்கில் படுத்தியதை என் மனம் ஒப்பவில்லை. ஆனாலும் இரைப்பைக்குள் நடப்பதைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பல அவன் வயிற்றில் பார்த்துத் தெரிந்துகொண்டவை.

நீ ராத்திரி 11 மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு, 11.30-க்குப் படுக்கிறாய். எண்ணெய்ப் பண்டம் இரைப்பையை விட்டு இறங்க மணிக்கணக்கில் ஆகும். படுத்துக்கொண்டால் அமிலம் மேலே உணவுக்குழாய்க்கு ஏறும். இரைப்பையின் உள்சுவரில் அமிலத்தைத் தாங்கும் சளிப்படலம் கனமாக இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்தக் காப்பு இல்லை. நெஞ்சு கரிப்பது அதனால்தான். மாத்திரை அமிலத்தைக் குறைக்கும். நீ படுக்கும் நேரத்தை அது மாற்றாது. டாக்டர் சொல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் பி12 சத்து உடம்பில் சேர்வதும் குறையலாம். இரவுச் சாப்பாட்டை 8 மணிக்கே ஆபீஸில் முடித்துவிடு. ஹாஸ்டலுக்கு வந்து பசித்தால் ஒரு வாழைப்பழம் போதும். இடது பக்கம் சாய்ந்து படு. தலைவலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடும் பழக்கத்தை இன்றோடு விடு. பல வலி மாத்திரைகள் அந்தச் சளிப்படலத்தைத்தான் அரிக்கும்.

அடுத்த முனையைப் பேச நீ கூச்சப்படுவாய். வார்டில் வேலை பார்த்த எனக்கு அதில் கூச்சம் இல்லை. காலையில் எதையாவது சாப்பிட்டதும் பெருங்குடல் அசைந்துகொடுக்கும். உந்துதல் வரும் நேரம் அது. ஹாஸ்டல் பாத்ரூமில் வரிசை என்று நீ அடக்கிக்கொண்டு ஆபீஸுக்கு ஓடுகிறாய். குடலுக்கு ஒரு நாளில் வந்து சேரும் நீர், நாம் குடிப்பதும் உள்ளே சுரப்பதுமாகச் சுமார் 9 லிட்டர். அதில் ஏறக்குறைய முழுவதையும் உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ளும். நீ அடக்க அடக்க, பெருங்குடல் மிச்ச நீரையும் உறிஞ்சி மலத்தை இறுக்கிவிடும். பிறகு முக்குவாய், மூலம் வரும். அரை மணி முன்னதாக எழுந்திரு. வெந்நீரோ டீயோ குடி, வரிசை சேர்வதற்குள் போய்விட்டு வா. மதியம் ஒரு கீரையோ பொரியலோ இல்லாமல் சாப்பிடாதே.

ஒரு மாதம் இப்படி இருந்து பார். அப்போதும் கரிப்பு நிற்கவில்லை என்றால் குடல் டாக்டரிடம் போ; இரைப்பையில் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள், இருந்தால் மருந்து உண்டு. விழுங்கும்போது அடைத்தாலோ, காரணம் இல்லாமல் எடை குறைந்தாலோ, மலம் கறுப்பாகத் தார் போலப் போனாலோ, ரத்தம் கண்டாலோ ஒரு மாதமெல்லாம் காத்திருக்காதே. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, அங்கிருந்தே எனக்குப் போன் செய்.

அன்புடன்,
பெரியம்மா