சிறுநீரகம் காக்கும் தொண்டு

டயாலிசிஸ் செலவுக்கு உதவி கேட்டு வரும் மனுக்களைப் படிக்கும்போதெல்லாம் நம் மனம் கனக்கிறது. ஜகாத் நிதியிலிருந்து கொடுக்கிறோம். ஆனால் வாரந்தோறும் தொடரும் சிகிச்சைக்கு அது எம்மட்டு? நோய் முற்றும் முன்பே அந்த வாசலுக்கு நாம் சென்றிருக்க வேண்டாமா?

இதற்கு முன்மாதிரி அருகிலேயே உண்டு. சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி அவர்களின் 'கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்', சென்னையை அடுத்த கிராமங்களில் சுமார் 25,000 மக்களிடையே பணியாற்றியது. உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி தந்து வீடுவீடாக அனுப்பினார்கள். அவர்கள் இரத்த அழுத்தம் அளந்தார்கள். சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் உண்டா என்று பார்த்தார்கள். குறை தெரிந்தவர்களுக்கு மருத்துவர் விலை குறைந்த மருந்துகளையே கொடுத்தார்.

சர்க்கரையும் இரத்தக் கொதிப்புமே சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதன்மையானவை. பெரும்பகுதி பழுதாகும் வரை அது வலி காட்டுவதில்லை. ஆகவே தேடிச் சென்றுதான் கண்டறிய வேண்டும்.

தென்னேரியில் தொண்டாற்ற முன்வருவோர் கவனத்திற்கு:

1. சர்க்கரை, கொதிப்பு உள்ளவர்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறுநீர்ப் புரதம், கிரியேட்டினின் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

2. தறியில் குனிந்து உழைப்போர் முதுகுவலிக்குத் தாமாகவே வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

3. மருந்தை நிறுத்திவிட்டவரை, 2021-இல் அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரிடம் சேர்த்துவிடுங்கள்.

4. மருந்து சொல்வது நம் வேலையன்று. ஒருவரின் நோய் விவரம் நம்மிடம் அமானிதம், வெளியே பேசலாகாது.

சாதி மதம் பாராமல் எல்லா வாசலுக்கும் செல்வோம். வாரம் ஒரு மணி நேரம் தர இயன்ற சகோதர சகோதரிகள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். அடுத்த மனு வராமல் தடுப்பதும் தர்மமே, இன்ஷா அல்லாஹ்.