சரக்கை எவரிடம் ஒப்படைப்பது?

மூட்டையை மண்டியில் இறக்கி, தரகு கொடுத்து விற்பது ஒன்றே தென்காசிப் பகுதி விவசாயிகள் அறிந்த வழியாக நெடுங்காலம் இருந்தது. இன்று கருப்பட்டியையும் தேனையும் ஜாதிக்காயையும் இணையத்தின் வாயிலாக நேரே வீடுகளுக்கு விற்க மகளிர் குழுக்களும் இளம் விவசாயிகளும் முன்வருகின்றனர். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கிவரும் சோஹோ நிறுவனத்தின் மென்பொருள் கம்பி வழியாகவே உலகெங்கும் சென்றுவிடுகிறது. கருப்பட்டி அவ்வாறு செல்லாது. அதைக் கட்ட வேண்டும், நிறுக்க வேண்டும், வண்டியில் ஏற்ற வேண்டும்.

இவ்வேலையைக் கூலிக்குச் செய்யும் நிலையங்கள் பெருநகரங்களில் உள்ளன. சரக்கை மொத்தமாக அவற்றின் கிட்டங்கிக்கு நாம் அனுப்பிவைக்க வேண்டும். ஆர்டர் வரும்போதெல்லாம் அவர்கள் அதிலிருந்து எடுத்துச் சிப்பம் கட்டி, முகவரி ஒட்டி, கூரியரிடம் ஒப்படைப்பார்கள். இத்தகைய நிலையத்தைத் தேர்ந்தெடுக்கப் புதிய சாஸ்திரம் எதுவும் வேண்டியதில்லை. எடை எப்படி, கழிவு யாருடையது, பணம் எப்போது என்று மண்டிக்காரரிடம் நம் பாட்டனார் கேட்ட கேள்விகளே போதும்.

எடையில் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5,000-ஆல் வகுத்து வருவதைக் கிலோ கணக்கில் எடையாகக் கொள்வது கூரியர் வழக்கம். இதுவும் தராசு எடையும் ஒப்பிடப்பட்டு, எது மிகுதியோ அதற்கே கட்டணம் விதிக்கப்படும். பனை ஓலைப் பெட்டி ஒன்றை 40, 30, 20 சென்டிமீட்டர் அளவுள்ள அட்டைப்பெட்டியில் இட்டால் கணக்கு 4.8 கிலோ என்று வரும். தராசில் அது ஒரு கிலோகூட இராது. ஆகவே, நம் சரக்குக்கு ஏற்ற சிறு பெட்டிகளை நிலையத்தார் வைத்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கழிவைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. கருப்பட்டி ஈரக்காற்றை உறிஞ்சி இளகும். தேன் குப்பி கசியும். முன்பு வந்த சரக்கை முன்பு அனுப்பாவிடில் காலாவதியானது மூலையில் தங்கிவிடும். இந்த நஷ்டம் யாருடையது என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். உணவுப்பண்டம் வைக்கும் கிட்டங்கிக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் உண்டா என்றும் கேட்க வேண்டும். குற்றாலத்துச் சாரல் காலத்து மங்குஸ்தானையும் ரம்புட்டானையும் கிட்டங்கிக்கு அனுப்புவது அறவே கூடாது; பறித்தவுடன் நேரே செல்ல வேண்டிய கனிகள் அவை.

பணமே முக்கியமானது. பதநீர் இறங்குவது ஆண்டில் சில மாதங்களே. அம்மாதங்களில் பனையேறிக்கும், விறகுக்கும், காய்ச்சும் பெண்களுக்கும் வாரந்தோறும் கூலி கொடுத்தாக வேண்டும். முன்னாளில் வி.பி.பி. என்று நாம் அறிந்த முறையே இன்று ‘கேஷ் ஆன் டெலிவரி’ என வழங்குகிறது. சிப்பத்தைப் பெறுபவர் கொடுக்கும் பணம் கூரியரிடம் சென்று, நிலையத்தாரின் கணக்கில் ஏறி, அதன் பிறகே நமக்கு வருகிறது. இடையில் பல நாள் கழியுமாயின், குழுவினர் வட்டிக்காரர் வாசலுக்கே திரும்ப வேண்டியதுதான். இணைய விற்பனையின் பயன் அங்கேயே கரைந்துவிடும். பெறுபவர் வேண்டாமென்று திருப்பிவிட்ட சிப்பத்துக்கோ போக்குக்கூலியும் திரும்புகூலியும் நம் தலையில் விழும். எத்தனை நாளில் பணம் சேரும், திரும்பிய சரக்குக்கு என்ன கட்டணம் என்ற இரண்டையும் அறியாமல் எவரும் கையொப்பமிடலாகாது. கூடுமானவரை முன்பணம் பெற்று விற்பதே நன்று.

இனி, நிலையம் நமக்குத் தேவைதானா? ஒரு பேச்சுக்கு, மாதக் குறைந்தபட்சக் கட்டணம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 300 சிப்பம் போனால் ஒன்றுக்கு 20 ரூபாய் விழும். 60 மட்டுமே போனால் 100 ரூபாய். கூரியர் கூலி இதற்கு மேல். நாளொன்றுக்கு இரண்டு மூன்று சிப்பம் அனுப்பும் குழு, தானே கட்டித் தென்காசித் தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்டில் சேர்ப்பதே சிக்கனம். கட்டுவதற்கு ஊராட்சிக் கட்டிடத்தில் ஓர் அறை கிடைக்குமாயின் பேருதவியாகும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனைக் கவனிக்கலாம்.

வரி விஷயமும் உண்டு. பதிவு வரம்புக்குட்பட்ட சிறு விற்பனையாளர், சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு இல்லாமலே, அதற்கென ஓர் எண் பெற்று, இணையச் சந்தைகள் மூலம் தம் மாநிலத்துக்குள் விற்க 1-10-2023 முதல் இடமுண்டு. வேறு மாநிலக் கிட்டங்கியில் சரக்கை வைத்து விற்பதானால் அம்மாநிலத்திலும் பதிவு வேண்டியிருக்கும். வாடகை மலிவென்று பெங்களூருக்குச் சரக்கை அனுப்புமுன் இதனைக் கணக்கரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

கணக்கெல்லாம் சரியாக வந்த பிறகும், முழுச் சரக்கையும் உடனே அனுப்பிவிட வேண்டாம். முதலில் 20 சிப்பங்களுக்கு வேண்டிய அளவே அனுப்பி, சென்னை, கோவை, டில்லி ஆகிய இடங்களில் உள்ள உறவினர் பெயரில் ஆர்டர் செய்யலாம். சிப்பம் எத்தனை நாளில் வந்தது, கருப்பட்டி இளகாமல் இருக்கிறதா, சீட்டில் எந்த எடை குறிக்கப்பட்டுள்ளது என்பனவற்றை அவர்களிடம் எழுதி வாங்கி, குழுவின் அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்டுவோம்.