பெட்டி முன்னே, நாம் பின்னே

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். முடித்துவிட்டு இன்னொன்றுக்குப் பி.எச்டி. படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு, ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு 23 கிலோ பெட்டிகள் போதவே போதாது. இரண்டு வருஷத்தில் சாமான் குட்டி போட்டிருக்கும். எப்படிக் கட்டுவது, எதில் அனுப்புவது என்றுதான் எல்லாரும் விசாரிக்கிறார்கள். போய் இறங்குகிற பெட்டியை யார் வாங்கி வைப்பது என்று கேட்பவர்கள் குறைவு. எனவே அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1. பழைய லீஸ் முடியும் நாள், புது வீட்டுச் சாவி கைக்கு வரும் நாள் இரண்டையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் மாணவர் வீடுகளில் பெரும்பாலானவற்றின் லீஸ் ஆகஸ்ட் 14-இல் முடிந்து 15-இல் தொடங்கும். நடுவில் ஓர் இரவு நண்பர் வீட்டு ஹாலில் படுப்பவர்கள் ஏராளம். பாஸ்டனில் அந்தக் கூத்து செப்டம்பர் 1. அன்றைக்கு நடைபாதை எங்கும் சோபாவும் மேசையும் கிடக்கும். அந்த வாரம் வாசலில் வந்து இறங்கும் அட்டைப்பெட்டி யாருடையது என்று பார்க்க ஒருவருக்கும் நேரமிருக்காது. சாவி வாங்கி இரண்டு மூன்று நாள் கழித்துப் பெட்டி வரும்படி அனுப்புவது உத்தமம். (தெருவில் கிடக்கும் மேசையை எடுத்துக்கொள்ளலாம், மெத்தையை மட்டும் தொடாதீர்கள், மூட்டைப்பூச்சி!)

2. பெட்டி முன்னதாகவே போயாக வேண்டுமென்றால், அந்த ஊர் சீனியர் ஒருவரைப் பிடியுங்கள். "அண்ணா, ஒரு சின்ன பார்சல் வரும்" என்று சொல்லிவிட்டு ஐந்து பெட்டி அனுப்பும் வேலை வேண்டாம். எத்தனை பெட்டி, என்ன எடை, என்றைக்கு வரும், என்றைக்கு எடுத்துக்கொள்வீர்கள் என்பதை முன்பே எழுதி அனுப்புங்கள். அவர் இருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்றால் அதையும் நினைத்துப் பாருங்கள். ஹாஸ்டலுக்கு அனுப்புவதாக இருந்தால், எந்தத் தேதியிலிருந்து பார்சல் வாங்குவார்கள் என்று அங்குள்ள தபால் அறையில் கேட்டுக்கொள்ளுங்கள். டிப்பார்ட்மென்ட் ஆபீஸுக்குக் கேட்காமல் அனுப்பவே கூடாது. வருங்கால வழிகாட்டியின் அறை வாசலில் உங்கள் இட்லி குக்கர் காத்திருப்பது நல்ல அறிமுகமல்ல.

3. அந்த ஊரில் யாரையும் தெரியாதா? அமெரிக்கத் தபால் துறையில் 'ஜெனரல் டெலிவரி' என்று ஓர் ஏற்பாடு உண்டு. உங்கள் பெயர், கீழே 'ஜெனரல் டெலிவரி', அதற்குக் கீழே ஊர், மாநிலம், ஜிப் எண், அதன் பின்னால் 9999 என்று எழுத வேண்டும். தபால் நிலையத்திலேயே 30 நாள் வரை வைத்திருப்பார்கள். புகைப்பட அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். எல்லாக் கிளைகளிலும் இது கிடையாது. எந்தக் கிளை என்று போன் செய்து உறுதி செய்துகொண்டு அனுப்புங்கள். இது தபாலில் வருவதற்கு மட்டும்தான். யூ.பி.எஸ்., ஃபெட்எக்ஸ் பெட்டிகளை இந்த முகவரிக்கு அனுப்பாதீர்கள்.

4. புத்தகங்களுக்குத் தபால் துறையின் 'மீடியா மெயில்'தான் மலிவு. பக்கத்து மாநிலமானாலும் நாட்டின் மறுகோடியானாலும் எடைக்கேற்ற ஒரே கட்டணம். ஒரு பெட்டி 70 பவுண்டு வரை போகலாம் என்பது விதி. ஆனால் அவ்வளவு நிரப்பினால் அடி பிய்ந்துவிடும். சின்ன பெட்டியில் 30, 35 பவுண்டோடு நிறுத்துங்கள். தபால்காரர்கள் பிரித்துப் பார்க்க உரிமை உண்டு. புத்தகங்களுக்கு நடுவே இரண்டு சட்டையைச் செருகினால் சலுகை போய், வேறு கட்டணம் கேட்பார்கள். எழுதாத நோட்டுகளுக்கும் இந்தச் சலுகை இல்லை. இது மெதுவாகத்தான் வரும், அதனால் முதலில் கிளம்ப வேண்டியது இதுதான்.

5. கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தை அங்குலத்தில் பெருக்கி 139-ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு (சில கட்டணங்களில் 166). அந்த விடை நிஜ எடையைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் காசு. 24க்கு 18க்கு 18 அங்குலப் பெட்டியில் ரஜாயும் குளிர் ஜாக்கெட்டும் அடைத்தால் 12 பவுண்டுகூட இருக்காது. பில்லில் 56 பவுண்டு என்று விழும். அதே துணிகளைக் காற்றை உறிஞ்சும் பைகளில் அமுக்கி 16க்கு 12க்கு 12 பெட்டியில் அடக்கினால் 17 பவுண்டுதான். தலையணையை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

6. சமையல் சாமான்: குக்கரின் வெயிட்டையும் கேஸ்கட்டையும் கழற்றி ஒரு கவரில் போட்டு உள்ளேயே வையுங்கள். குக்கருக்குள் காலி இடம் விடாமல் துண்டு, காலுறை என்று திணித்துவிடலாம். கிரைண்டரில் கல்லை டிரம்மிலிருந்து எடுத்துத் தனியாகச் சுற்ற வேண்டும். உள்ளேயே விட்டால் வழியெல்லாம் இடித்து டிரம் நசுங்கிவிடும். பிடியில்லாத இரும்புத் தோசைக்கல்லுக்கு ஒரு வழி உண்டு. தபால் துறையின் பெரிய 'ஃப்ளாட் ரேட்' பெட்டி 12க்கு 12க்கு 5½ அங்குலம். 70 பவுண்டு வரை எடை எதுவானாலும் ஒரே விலை. கல்லோடு இட்லித் தட்டுகளும் அதிலேயே அடங்கும். பொடி வகைகளை இரண்டு ஜிப் கவரில் போட்டு அனுப்பலாம். ஊறுகாய் பாட்டிலை அனுப்பாதீர்கள். எண்ணெய் கசிந்தால் உங்கள் பெட்டியோடு போகாது, பக்கத்துப் பெட்டியும் பாழாகும்.

7. பூஜைப் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள் பட்டியலில் இருப்பது. அதையும் தீப்பெட்டியையும் எடுத்துவிட்டு விளக்கை மட்டும் அனுப்புங்கள். பவர் பேங்க் உங்கள் கைப்பையில்தான் வர வேண்டும். விமானத்தில் செக்-இன் பெட்டியில் அதை வைக்கக் கூடாது. 100 வாட்-மணிக்கு உட்பட்டதென்றால் கைப்பையில் தடையில்லை. 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் சுமார் 74 வாட்-மணி.

8. நம் ஊர்ப் பழக்கத்தில் பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டாதீர்கள், இங்கே தரம் பிரிக்கும் இயந்திரத்தில் மாட்டிக்கொள்ளும். இரண்டு அங்குலப் பேக்கிங் டேப்பை மேலும் கீழும், ஓரங்களிலும் ஒட்டினால் போதும். மதுக்கடையில் இலவசமாகக் கிடைக்கும் அட்டைப்பெட்டி உறுதியானதுதான், ஆனால் மது பிராண்டின் பெயர் வெளியே தெரிந்தால் தபாலில் வாங்கமாட்டார்கள். தாள் ஒட்டி முழுக்க மறைத்துவிடுங்கள். பெயர், போன் நம்பர் எழுதிய ஒரு சீட்டு பெட்டிக்குள்ளும் இருக்கட்டும். வெளிச்சீட்டு கிழிந்தால் அதுதான் துணை.

9. கூரியருக்குப் பணம் கட்டும் முன் விமானத்தில் கூடுதல் பெட்டிக்கு எவ்வளவு என்று பாருங்கள். தூரமான ஊருக்கு 50 பவுண்டு பெட்டி அப்படிப் போவதுதான் பெரும்பாலும் மலிவு. ஆம்ட்ராக் ரயிலில் இரண்டு 50 பவுண்டு பெட்டிகளை இலவசமாகவே பதிவு செய்யலாம். ஏறும் நிலையம், இறங்கும் நிலையம் இரண்டிலும் லக்கேஜ் வசதி இருக்க வேண்டும்.

10. ஒட்டும் முன் உள்ளே இருப்பதையும், ஒட்டிய பின் வெளியையும் போட்டோ எடுங்கள். யூ.பி.எஸ்., ஃபெட்எக்ஸில் கூடுதல் பணம் கட்டாவிட்டால் அவர்கள் பொறுப்பு 100 டாலரோடு சரி. அடிபட்டு வந்தால், இழப்பீடு முடியும்வரை அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

11. பாஸ்போர்ட், பழைய பல்கலைக்கழகம் தந்தது உட்பட எல்லா ஐ-20களும், மூலச் சான்றிதழ்களும் எந்தப் பெட்டியிலும் போகக் கூடாது. எல்லாம் தோள்பையில். புது வீட்டு முகவரியைக் குடிபோன 10 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். வங்கிக்கும் மறக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புது டெபிட் கார்டு பழைய ரூம்மேட் வீட்டுக்குப் போய்விடும்.