நம்பிக்கைகளும் உண்மைகளும்: அரசுத் தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்?

ஆயக்குடியில் அரசு வலைத்தளம் தேவைப்படாத வீடு குறைவு. கொய்யாத் தோப்பு வைத்திருப்பவருக்குக் கடன் மனுவோடு இணைக்கப் பட்டா, சிட்டா வேண்டும். வார இறுதியில் மரத்தடிப் பயிற்சி மையத்துக்கு வந்து அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒருமுறைப் பதிவு, விண்ணப்பம், ஹால் டிக்கெட், ரிசல்ட் எல்லாமே தேர்வாணையத் தளத்தில்தான். 2022 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு மட்டும் ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்திருந்தார்கள். இப்படி லட்சக்கணக்கானோர் புழங்கும் தளங்களில் யார் எங்கே திணறுகிறார்கள் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கம் கேட்கப்பட்டது, எப்போது, எது கிடைக்காமல் போனது என்று சர்வர் தானாகவே குறித்துவைக்கிறது. அந்தக் குறிப்பைப் படிக்கும் விதத்தில்தான் சில தவறான நம்பிக்கைகள் வேரூன்றிவிட்டன.

நம்பிக்கை: பார்வையாளர் எண்ணிக்கை ஏறுகிறது, ஆகவே தளம் நன்றாக இருக்கிறது.

‘ஹிட்ஸ்’ என்று பெருமையாகச் சொல்லப்படும் எண், சர்வரிடம் கேட்கப்பட்ட கோப்புகளின் எண்ணிக்கை. முப்பது படங்கள் உள்ள ஒரு பக்கத்தை ஒருவர் ஒருமுறை திறந்தாலே 31 ஹிட்ஸ் ஆகிவிடும். தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் வந்துபோவதும் அதில் சேரும். இவற்றையெல்லாம் கழித்து ஆட்களின் வருகையை மட்டும் எண்ணினாலும் சிக்கல் தீராது. தனியார் கடை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். பட்டாவுக்கு அப்படிப் போக முடியாது. எத்தனை சிரமமாக இருந்தாலும் மக்கள் அங்கேதான் வந்தாக வேண்டும். சொல்லப்போனால், ஒரே படிவத்தை நான்கு முறை முயல்பவர் நான்கு வருகையாகக் கணக்கில் ஏறுகிறார். தளம் மோசமானால் எண் கூடவும் செய்யும்!

அப்படியானால் எதை அளப்பது? பிரிட்டிஷ் அரசு 2011-இல் தன் டிஜிட்டல் சேவைகளுக்கென்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது. ஒவ்வொரு சேவையிலும் நான்கைக் கட்டாயம் அளக்க வேண்டும் என்று அது விதித்தது: ஒரு விண்ணப்பத்துக்கு ஆகும் செலவு, பயனாளரின் திருப்தி, தொடங்கியவர்களில் முடித்தவர்களின் விகிதம், நேரில் வராமல் இணையத்திலேயே முடிப்பவர்களின் பங்கு. நம் அலுவலகங்கள் மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டாலே பெரிய மாற்றம் வரும். பேச்சுக்கு, நூறு பேர் படிவத்தைத் திறக்கிறார்கள், தொண்ணூறு பேர் முகவரிவரை வருகிறார்கள், புகைப்படம் ஏற்றும் இடத்தைத் தாண்டுபவர் ஐம்பது பேர்தான் என்று வைத்துக்கொள்வோம். தளம் முழுவதையும் மாற்ற வேண்டாம். கோப்பின் அளவு பெரிது என்றால் எவ்வளவு பெரிது, எப்படிக் குறைப்பது என்று அந்த இடத்திலேயே தமிழில் சொன்னால் போதும். முடிந்தால் தளமே குறைத்துக்கொள்ளட்டும்.

நம்பிக்கை: ஒரு பக்கத்தில் அதிக நேரம் தங்கினால் மக்களுக்கு அது பிடித்திருக்கிறது.

பத்திரிகைக்கு வேண்டுமானால் பொருந்தும். பிரிட்டிஷ் அரசின் பொதுத்தளத்தில் அரசு விடுமுறை நாட்களுக்கு ஒரு பக்கம் உண்டு. அடுத்த விடுமுறை எந்தத் தேதி என்பது அதன் தலையிலேயே பெரிய எழுத்தில் இருக்கும். வந்தவர் பார்த்த உடனே போய்விடலாம். சேவைப் பக்கத்துக்கு அதுதான் வெற்றி.

நம்பிக்கை: முகப்பைச் சீரமைத்தால் தளம் சீராகிவிடும்.

கூகுளில் தேடி வருபவர் நேராக உள்பக்கத்தில் இறங்குகிறார். முகப்பில் ஓடும் படவரிசையை அவர் பார்ப்பதே இல்லை. அமெரிக்க மத்திய அரசு 2015 மார்ச்சில் தன் தளங்களின் வருகைக் கணக்கை எவரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்துவைத்தது. வரித் தொகை திரும்பி வருவது எப்போது, அனுப்பிய தபால் எங்கே இருக்கிறது, இன்றைய வானிலை என்ன என்பவைதான் மேலே நின்றன. இங்கேயும் அப்படி ஒரு பட்டியலைத் திறந்துவைத்தால், மக்கள் எந்த நான்கைந்து வேலைகளுக்காக வருகிறார்கள் என்பது ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டியின் பதிவு இதைவிடப் பயனுள்ளது. எதைத் தட்டியபோது விடை ஒன்றுமே வரவில்லை என்ற பட்டியலை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். தமிழில் தட்டியவர், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியவர், எழுத்துப் பிழையோடு தட்டியவர் எல்லோரும் அதில் இருப்பார்கள். மக்கள் தங்கள் வாயால் கேட்டது அப்படியே அங்கே பதிவாகியிருக்கிறது.

நம்பிக்கை: கணக்கில் எல்லோரும் வந்துவிடுகிறார்கள்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். வருகைக் கணக்கெடுக்கும் கருவிகளில் பெரும்பாலானவை பக்கத்தோடு சேர்ந்து இறங்கும் ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் இயங்குகின்றன. அது இறங்காவிட்டால் வந்தவர் வராதவர் ஆகிவிடுவார். 2013-இல் பிரிட்டிஷ் அரசின் அந்த டிஜிட்டல் பிரிவு இதைச் சோதித்தது. பயனாளர்களில் 1.1 சதவீதம் பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லை. அதை வேண்டுமென்றே நிறுத்தியவர்களும் அது இயங்காத கருவி வைத்திருந்தவர்களும் 0.2 சதவீதம்தான், மீதி 0.9 சதவீதம் பேருக்கு வர வேண்டியது ஏதோ காரணத்தால் வந்து சேரவில்லை. பிரிட்டன் நிலவரமே இப்படியென்றால், சிக்னல் ஒரு கோடு வந்து ஒரு கோடு போகும் தோப்போரத்தில் எத்தனை பேர் கணக்கிலிருந்து நழுவுவார்கள்? கனமான பக்கத்தால் அதிகம் அவதிப்படுபவரைத்தான் கருவி முதலில் தவறவிடுகிறது. ஆகவே சர்வர் பதிவையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம்.

இ-சேவை மையம் இன்னொரு சிக்கல். காலையிலிருந்து மாலைவரை அங்கே வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் கணக்கில் ஒரே கணினியாகத் தெரியலாம். படிவத்தை நிரப்புபவர் அன்றாடம் அதையே செய்து பழகிய ஊழியர். எங்கும் தடுமாற மாட்டார். சொந்த மொபைலில் முயன்று முடியாமல்தான் விவசாயி அங்கே வந்தார் என்பது அந்த எண்ணில் இல்லை. ‘மையங்கள் வழியே விண்ணப்பங்கள் சுலபமாக முடிகின்றன’ என்று அறிக்கை எழுதுவதற்குமுன், மொபைலில் தொடங்கிப் பாதியில் விட்டவர்களின் கணக்கைத் தனியே பிரிக்க வேண்டும்.

நம்பிக்கை: எங்களுடையது சிறிய தளம், எண்கள் போதாது.

எண்கள் குறைவென்றால் ஆட்களைப் பார்க்கலாம். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே ஒரு வடிவமைப்பின் குறைகளில் சுமார் 85 சதவீதம் வெளிப்பட்டுவிடும் என்று வலைத்தளப் பயன்பாட்டு நிபுணர் யாகோப் நீல்சன் 2000-இல் எழுதினார். அந்த விகிதம் எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் வழி சரியானது. கொய்யாச் சந்தை முடிந்து ஓய்வாக இருக்கும் ஐந்து பேரை அவரவர் மொபைலை எடுக்கச் சொல்லி, ‘சொத்து வரி எவ்வளவு பாக்கி என்று பாருங்கண்ணா’ என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ‘இங்க அமுக்குங்க’ என்று சொல்லிக் கொடுத்தால் சோதனை கெட்டது. மக்கள் எந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று எண் காட்டும். ஏன் நின்றார்கள் என்பதை இப்படி உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

நம்பிக்கை: இலவசக் கருவியைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது.

கூகுளின் இலவச வருகைக் கணக்குக் கருவியைப் பயன்படுத்திய ஒரு தளம் ஐரோப்பியத் தரவுச் சட்டத்தை மீறியது என்று ஆஸ்திரியாவின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் வெளியான முடிவில் சொன்னது. பார்வையாளர் விவரங்கள் அமெரிக்கா போனதுதான் காரணம். அடுத்த மாதமே பிரான்சும் அதே நிலைப்பாட்டை எடுத்தது. நம் நாட்டிலும் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. மடோமோ போன்ற திறந்த மூல மென்பொருளைச் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். எதை நிறுவினாலும் முதலில் பார்க்க வேண்டியது பக்கங்களின் முகவரியை. விண்ணப்ப எண்ணோ மொபைல் எண்ணோ முகவரியின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது அப்படியே கணக்கிலும் பதிவாகும். கருவியைப் பொருத்தும் நாளிலேயே அந்த வாலை வெட்டச் சொல்லி ஒப்பந்ததாரரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.