நம்பிக்கைகளும் உண்மைகளும்: ராத்திரி டயப்பரை எப்போது கழற்றலாம்?

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது நெருங்கியதும் வீட்டில் ஒரு விசாரணை தொடங்கிவிடும். "இன்னுமா ராத்திரியில டயப்பர் மாட்டுறே?" கேட்பவர் பாட்டியாக இருக்கலாம், பெரியம்மாவாக இருக்கலாம், மாடி வீட்டு அக்காவாகக்கூட இருக்கலாம். பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் எப்போதும் அம்மாதான். அப்பாவை யாரும் கேட்பதில்லை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

"பகல்ல ஒழுங்கா சொல்லிட்டுப் போறானே, ராத்திரி மட்டும் என்ன?"

இரண்டும் ஒரே வேலை என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. பகலில் நடப்பது பழக்கம். சிறுநீர் முட்டுவதை உணர்ந்து, விளையாட்டை விட்டு எழுந்து, ஓடிப்போய் உட்காரக் குழந்தை கற்றுக்கொள்கிறது. தூங்கும் குழந்தைக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. அங்கே உடம்பு தானாக முதிர வேண்டியிருக்கிறது.

முதிர வேண்டியவை மூன்று. ஒன்று, மூளையிலிருந்து சுரக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோன். இரவில் இது கூடுதலாகச் சுரந்தால் சிறுநீரகம் தண்ணீரை மிச்சம்பிடித்துக் குறைவான சிறுநீரை உண்டாக்கும். படுக்கையை நனைக்கும் பிள்ளைகள் பலருக்கு இந்த இரவு நேர ஏற்றம் இருப்பதில்லை என்பதை டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகர மருத்துவர்கள் 1980களில் காட்டினார்கள். இரண்டாவது, சிறுநீர்ப்பையின் கொள்ளளவு. வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் எத்தனை மில்லி என்று மருத்துவர்கள் தோராயமாகக் கணக்கிடுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு 180 மில்லி, அதாவது ஒரு டம்ளர்கூட முழுதாக இல்லை. மூன்றாவது, பை நிறைந்த செய்தி கேட்டதும் தூக்கத்திலிருந்து விழிக்கும் திறன். மூன்றும் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. அதனால் இரண்டரை வயதில் பகல் டயப்பரை உதறிய பிள்ளை ஐந்து வயதிலும் இரவில் நனைக்கலாம். அதில் குறையேதும் இல்லை.

இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், நாலரை வயதில் நூற்றுக்கு 21 பேர் எப்போதாவது, அதாவது வாரத்தில் இரண்டு இரவுக்கும் குறைவாக, படுக்கையை நனைத்தார்கள். அதைவிட அடிக்கடி நனைத்தவர்கள் இன்னும் 8 பேர். ஒன்பதரை வயதில் இந்த எண்கள் 8 என்றும் 1.5 என்றும் இறங்கிவிட்டன. ஐந்து வயது நிறையும்வரை இதை ஒரு கோளாறாகவே மருத்துவம் எண்ணுவதில்லை. ப்ரீகேஜி சேர்க்கைக்கும் இரவு டயப்பருக்கும் சம்பந்தமே இல்லை.

"எங்க காலத்துல ஏது டயப்பர்? ஒண்ணரை வயசுல எல்லாம் பழகிட்டாங்க."

பகலைப் பொறுத்தவரை பாட்டி சொல்வதில் நியாயம் உண்டு. கால்களின் மேல் உட்காரவைத்து "ஸ்ஸ்ஸ்" என்று ஒலி எழுப்பி, பழைய வேட்டித் துணியை நாளுக்குப் பத்து முறை மாற்றி வளர்த்த பிள்ளைகள் ஈரத்தைச் சீக்கிரமே உணர்ந்தார்கள், பெரியவர்களும் அவர்களுடைய முகக்குறிப்பைப் படித்தார்கள். இரவின் கதை வேறு. கூடத்தில் வரிசையாகப் படுத்த நாலைந்து பிள்ளைகளில் நனைத்தது யார் என்று விடிகிறவரை தெரியாது. விடிந்ததும் பாயைக் கழுவி வெயிலில் சாய்த்து, துணியைக் கொடியில் போட்டுவிட்டால் முடிந்தது. யாரும் கணக்கு வைக்கவில்லை. நாற்பது வருடம் கழித்து நினைவில் நிற்பது சாதனை மட்டும்தான்.

இதே பேச்சின் மறுபாதி இன்னும் மோசமானது: டயப்பர் மாட்டியதால்தான் பிள்ளை இன்னும் நனைக்கிறான் என்பது. இரவில் ஹார்மோன் எப்போது கூடும் என்பதை இடுப்பில் கட்டியிருக்கும் பஞ்சு தீர்மானிப்பதில்லை. டயப்பரே அறியாத தலைமுறையிலும் படுக்கையை நனைத்த பிள்ளைகள் இருந்தார்கள்.

விளம்பரத்தின் பக்கம் சாய்வதும் சரியில்லை. இரவு முழுக்க ஈரத்தை உறிஞ்சிவிடும் டயப்பர், பிள்ளை தயாராகிவிட்டதைப் பெற்றோரின் கண்ணிலிருந்து மறைத்துவிடும். மூட்டைமூட்டையாக வாங்கி அடுக்கிய வீட்டில் கழற்றிப் பார்க்கும் யோசனையே எழுவதில்லை.

"நடு ராத்திரி எழுப்பிக் கூட்டிட்டுப் போனா பழகிடும்."

பெட்ஷீட் மிஞ்சும், அவ்வளவுதான். அரைத்தூக்கத்தில் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டுபோய் நிறுத்தினால் பிள்ளை தூக்கத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டு, காலையில் எதுவும் நினைவில்லாமல் எழும். இதில் பழகுவது எழுப்புகிறவர்தான். இப்படி எழுப்புவது நீண்ட காலத்தில் பிள்ளைக்குக் கட்டுப்பாட்டைத் தருவதில்லை என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2010 இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. பயணம், உறவினர் வீடு என்று ஒரு ராத்திரி சமாளிக்க வேண்டுமானால் எழுப்பலாம். தினமும் அலாரம் வைத்து எழுந்திருக்கும் அம்மாக்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

"ஆறு மணிக்கு மேல சொட்டுத் தண்ணி குடுக்காதே."

தாகத்தோடு படுக்கும் பிள்ளைக்கு இதனால் நன்மை ஏதும் கிடைப்பதில்லை. நம்மூரில் பார்க்க வேண்டிய இடம் சாயங்காலம் அல்ல, பகல். பள்ளிக் கழிப்பறைக்குப் போகக் கூசித் தண்ணீரே குடிக்காமல் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவரும் பிள்ளைகள் ஏராளம். தண்ணீர் குடிக்க நினைவூட்டுவதற்கென்றே கேரளப் பள்ளிகளில் 2019 இல் தனியாக மணி அடிக்கத் தொடங்கினார்கள். பகலெல்லாம் காய்ந்து கிடந்த பிள்ளை வீட்டுக்கு வந்ததும் அடக்கிவைத்த தாகத்தையெல்லாம் தீர்த்துக்கொள்ளும். நாலு முதல் எட்டு வயதுவரை நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டருக்குள் நீர் தேவை. அதில் பெரும்பங்கைச் சாயங்காலத்துக்கு முன்பே குடிக்கப் பழக்கினால் படுக்கும்போது தாகம் தானாகக் குறையும். டீ, காபி, கோலா வகைகளை நிறுத்துவது நல்லது. "பால் டீ கொஞ்சம்தானே" என்பதும் டீதான்.

இதோடு சேர்ந்ததுதான் பலர் கவனிக்காத மலச்சிக்கல். மலக்குடல் நிறைந்து கிடந்தால் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்தும். பைக்கு விரிய இடமிருக்காது. பிள்ளை இரண்டு நாளைக்கு ஒருமுறை முக்கி முக்கிப் போகிறதென்றால் டயப்பர் பற்றிய பேச்சைத் தள்ளிவைத்து முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சில பிள்ளைகளுக்கு அதுவே போதுமானதாகிவிடும்.

"சோம்பேறித்தனம். நாலு பேர் முன்னாடி சொன்னா ரோஷம் வந்துடும்."

அப்பாவைப் பற்றிய வேடிக்கை இங்கே வருகிறது. பெற்றோரில் ஒருவர் சின்ன வயதில் படுக்கையை நனைத்தவராக இருந்தால் பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பதைத் தாண்டும். இருவருமே என்றால் எழுபதைத் தாண்டும். ஆண்பிள்ளைகளிடம் இது பெண்பிள்ளைகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு அதிகம். எனவே விசாரணை நடத்தும் பாட்டி, தன் மகன் எத்தனை வயதுவரை பாயை நனைத்தான் என்பதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். அப்பாவே முன்வந்து "நானும் இப்படித்தான் இருந்தேன்டா" என்று சொல்லிவிட்டால் பிள்ளையின் பாதி பாரம் இறங்கிவிடும்.

தூங்கும்போது நடப்பதில் வேண்டுமென்றே செய்வது என்ற பேச்சுக்கு இடமில்லை. அடித்தும் அவமானப்படுத்தியும் யாரும் இதைச் சரிசெய்ததில்லை. ஒளித்துவைக்கத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். தாயத்து கட்டுவது, மந்திரிப்பது பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. எள்ளுருண்டை கொடுங்கள், ருசியானது, சத்தானது; ஆனால் படுக்கை காய்வதற்கான மருந்து அல்ல.

சரி, எப்போதுதான் கழற்றுவது? வயதைப் பார்க்காதீர்கள், டயப்பரைப் பாருங்கள். காலையில் அடுத்தடுத்துப் பல நாள் காய்ந்தோ லேசான ஈரத்தோடோ இருந்தால் முதல் அறிகுறி. காலையில் டயப்பர் புதிதாக நனைந்து வெதுவெதுப்பாக இருந்தால், பிள்ளை விழித்தபிறகு சோம்பலில் அதிலேயே போயிருக்கலாம். எழுந்ததும் நேரே கழிப்பறைக்கு அழைத்துச் சென்று பாருங்கள். நடுவில் தானாக எழுந்து கேட்பதும், "எனக்கு இது வேணாம்" என்று பிள்ளையே சொல்வதும் நல்ல சகுனங்கள்தான். மாறாக, தினமும் காலையில் டயப்பர் கனத்துத் தொங்கினால் இன்னும் சில மாதம் பொறுத்திருக்கலாம்.

ஐந்து வயதுக்குள் இருந்து, பகலில் ஆறு மாதத்துக்கு மேலாக நனைக்காமல் இருக்கும் பிள்ளைக்கு, குறைந்தது இரண்டு இரவாவது டயப்பர் இல்லாமல் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது அதே நைஸ் வழிகாட்டுதல். முன்னேற்றம் தெரிந்தால் நீட்டிக்கலாம். தேர்வுக் காலம், புதுக் குழந்தை பிறந்த மாதம், ஊர்ப் பயணம் இவற்றைத் தவிர்த்து, விடுமுறையில் தொடங்குவது உத்தமம். ரப்பர் ஷீட், அதன்மேல் பருத்தி விரிப்பு, அதற்கும் மேலே இன்னொரு செட் விரித்துவைத்தால் இருட்டில் மேலதை உருவிப் போட்டால் போதும். படுப்பதற்குச் சற்று முன் ஒருமுறை, படுக்கும்போது ஒருமுறை போகச் சொல்லுங்கள். கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கும் வீடுகளில் பிள்ளை பயந்தே அடக்கிக்கொண்டு படுத்திருக்கும். வழியில் விளக்கு எரியட்டும், அல்லது அறையிலேயே குழந்தைகளுக்கான கழிப்பு இருக்கை ஒன்றை வையுங்கள். தினமும் நனைந்தால் மீண்டும் டயப்பர் மாட்டி, இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து வயதைத் தாண்டியும் அடிக்கடி நனைந்தால், "தானா சரியாயிடும்" என்று பத்து வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தை மருத்துவரிடம் வழிகள் இருக்கின்றன. ஈரம் பட்டதும் மணியடிக்கும் அலாரம் முறையை அமெரிக்க உளவியலாளர்களான மௌரர் தம்பதி 1938 இல் விவரித்தார்கள். இன்றும் அது கைகொடுக்கிறது. இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும். குறைபட்ட ஹார்மோனின் வேலையைச் செய்யும் டெஸ்மோபிரசின் மாத்திரையும் உண்டு. பள்ளிச் சுற்றுலா போன்ற தேவைகளுக்கும் அது உதவும். அதை எடுக்கும் இரவில் மட்டும் தண்ணீரைக் கட்டுப்படுத்தியே ஆகவேண்டும். மருத்துவர் சொல்லாமல் மருந்துக்கடையில் வாங்கவே கூடாது.

காத்திருக்கவே கூடாத சில நிலைமைகள் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் இரவில் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென மறுபடி நனைத்தால், சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று அழுதால், பகலிலும் சொட்டினால், பெரும் குறட்டையோடு மூச்சுத் திணறித் தூங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஓயாத தாகமும் உடல் மெலிவும் சேர்ந்து வந்தால் அது முதல்வகை நீரிழிவாக இருக்கலாம். அன்றைக்கே ரத்தச் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும்.