சுத்திகரித்த நீரும் சொட்டுக் குழாயும்

கேள்வி: எங்கள் பகுதியிலுள்ள நேரு பூங்காவைப் போல, எங்கள் குடியிருப்பிலும் சுத்திகரித்த கழிவுநீரைச் செடிகளுக்கு விட எண்ணம். மண்ணுக்குள் சொட்டுக் குழாய் பதிக்கலாமா?
– வாசகி, சாணக்யபுரி, புதுதில்லி

பதில்: தாராளமாகப் பதிக்கலாம். குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் தெளிப்பானைவிட இதுவே மேல். தெளிப்பான் நுண்துளிகளைக் காற்றில் கலக்கும். அரையடி ஆழத்தில் புதைத்த குழாயில் நீர் யார் மேலும் படாது. மிச்சமிருக்கும் நைட்ரஜன் நேரே வேருக்குப் போகும். கழிவுநீரில் ஏறக்குறைய 90 சதவீதத்தை மறுபடி பயன்படுத்தும் இஸ்ரேலில் பல தோட்டங்கள் இப்படித்தான் விளைகின்றன.

தொல்லை அடைப்புதான். சொட்டுவாயின் வழி மிகக் குறுகல். வழுவழுப்பான நுண்ணுயிர்ப் படலம் அதை மூடிவிடும். 130 மைக்ரான் வட்டு வடிகட்டி கட்டாயம். குழாய்களின் கடைசி முனையை அவ்வப்போது திறந்து அலசுங்கள். கறுப்பாக, கொழகொழவென்று வரும். தெளியும்வரை ஓடட்டும். மேடான இடத்தில் ஒரு காற்று வால்வு வையுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் நின்றதும் சொட்டுவாய் சேற்றை உள்ளிழுத்துக்கொள்ளும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு மண்ணைத் தோண்ட வேண்டிவரும்.

பச்சையாகத் தின்னும் கேரட், முள்ளங்கிப் பாத்திகளுக்கு இந்த நீர் வேண்டாம். ஜூலை, ஆகஸ்ட் மழையில் மண் ஊறிக் கிடக்கும்போது நீரைச் சாக்கடைக் குழாய்க்கே திருப்பிவிட ஒரு வால்வும் வையுங்கள்.