பழைய லேப்டாப்பில் முதல் சம்பாத்தியம்: தொம்மலூர் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கம்ப்யூட்டரை நோண்டப் பிடிக்கும், கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் வேண்டுமா? ஆன்லைனில் தேடுவதற்கு முன் நம் தெருவைப் பார்ப்போம். ஐ.டி. ஆபீஸ்கள் சூழ்ந்த பெங்களூரு தொம்மலூரில், பீரோவுக்குள் பழைய லேப்டாப் கிடக்காத வீடு குறைவு.

என்ன வேலை?

ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவது. ஆமை வேக மெஷினும் அரை நிமிடத்துக்குள் எழுந்து நிற்கும்.

இன்னொரு வேலையும் உண்டு. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை. அது இல்லாத மெஷினில் லினக்ஸ் மின்ட் போட்டுத் தரலாம். யூடியூபும் மெயிலும் பார்க்கும் தாத்தாவுக்கு அது தாராளம். டேலியில் கணக்கு எழுதும் கடைக்காரருக்கு ஒத்துவராது. கேட்டுக்கொண்டு செய்வோம்.

எவ்வளவு முதல்?

ஸ்க்ரூட்ரைவர் செட், 16 ஜி.பி. பென்டிரைவ், சாட்டா-யு.எஸ்.பி. கேபிள் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய் ஒதுக்கினால் போதும். எஸ்.எஸ்.டி.யை முன்கூட்டி வாங்கி வைக்காதீர்கள், விலை ஏறி இறங்கும். ஆர்டர் கிடைத்ததும் அதற்கான பணத்தை வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோடு போவோம். இந்திராநகரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷன் சிக்பேட்டை, பிறகு நடைதான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாரன்டிக்கு அதுதான் ஆதாரம்.

எப்படிச் செய்வது?

முதலில் நம் வீட்டு லேப்டாப்பில் கை பழகுவோம், பிறகு அத்தை வீடு, அப்புறம் அக்கம்பக்கம்.

மாடல் நம்பரை வைத்து, உள்ளே போவது இரண்டரை அங்குல சாட்டாவா, எம்.2 வகையா என்று பார்த்துவிட்டே கடைக்குப் போக வேண்டும். அடுத்தது பேக்கப். கல்யாண போட்டோ போனால் திரும்ப வராது.

பிறகுதான் ஸ்க்ரூ. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதன் இடத்திலேயே செலோடேப்பால் ஒட்டுங்கள். குட்டை ஸ்க்ரூவின் இடத்தில் நீளமானதை முறுக்கினால் மேல்பக்கம் கீபோர்டு அருகே முட்டிக்கொண்டு நிற்கும். மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எவ்வளவு கேட்கலாம்?

கூலி 500 ரூபாயில் தொடங்கலாம். பொருளின் பில்லைத் தனியாகக் காட்டிவிடுவோம், பேரம் பாதி குறையும். 'நம்ம பையன்தானே' என்று இலவசமாகக் கேட்கும் அங்கிள் எல்லா அப்பார்ட்மென்ட்டிலும் உண்டு. நூறு ரூபாய் குறைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பணத்தை எங்கே போடுவது?

10 வயது நிரம்பியவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கை நடத்த ரிசர்வ் வங்கி இடம் தருகிறது. வரம்புகள் வங்கிக்கு வங்கி மாறும். மைனரின் வருமானத்தைப் பொதுவாகப் பெற்றோரின் வருமானத்தோடு சேர்த்தே வரி போடுவார்கள். சொந்த உழைப்பிலோ திறமையிலோ வந்த பணத்துக்கு அந்தச் சேர்ப்பிலிருந்து விலக்கு உண்டு.

உஷார்

பேட்டரி உப்பியிருந்தால் தொடவே வேண்டாம், சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிடுங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்கை உரியவர் கையிலேயே கொடுங்கள். திருட்டு விண்டோஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பக் பவுண்டி, அதாவது மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்துச் சொன்னால் நிறுவனம் தரும் பரிசு, அதன் மேல் ஆசை வரும். சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா 2019-இல் இன்ஸ்டாகிராமில் ஓட்டை கண்டுபிடித்து 30,000 டாலர் வாங்கியவர்தான். ஆனால் நிறுவனம் அனுமதித்த எல்லைக்குள் மட்டுமே தேட வேண்டும். தாண்டினால் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம்.

'டெபாசிட் கட்டினால் வேலை' என்று டெலிகிராமில் வருவது மோசடி. கமிஷன் தருகிறேன், உன் வங்கிக் கணக்கைக் கொடு என்று யாராவது கேட்டால், அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள்.